டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொரு பெயர்: எதைத் திருத்துவது?

ஆள்சேர்ப்பு முகாமில் ஒரு கிளார்க் இனிஷியலை விட்டுவிட்டு எழுதிய பெயர், ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் கழித்து லைஃப் சர்டிபிகேட் (உயிர்வாழ் சான்று) கொடுக்கப் போகும்போது வழிமறிக்கிறது. குப்புசாமிக்குக் கடைசியில் 'ஒய்' போட்டதா 'ஐ' போட்டதா, மனைவி லட்சுமியா லட்சுமி அம்மாளா, பிறந்த தேதி பள்ளிச் சான்றில் உள்ளதா ஜாதகத்தில் உள்ளதா என்று முன்னாள் படைவீரர் வீடுகளில் இந்தச் சிக்கலுக்குப் பல உருவம். ஆதாரை மாற்று என்கிறார் ஒருவர். படைப்பிரிவின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸுக்கு எழுது என்கிறார் மற்றவர். கெஜட்டில் (அரசிதழில்) போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் டீக்கடைக்காரர். மூன்றுமே சில இடங்களில் சரி, சில இடங்களில் வீண் செலவு.

எங்கள் கருத்தை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். படைவீரரின் சொந்தப் பெயரிலும் பிறந்த தேதியிலும் முரண் என்றால், பெரும்பாலும் ஆதாரையும் பான் கார்டையும் படைப்பணி ஆவணத்துக்கு ஏற்ப மாற்றுவதே லாபம். மனைவி, பிள்ளைகள் விவரத்தில் முரண் என்றால் படைப்பணி ஆவணத்தைத்தான் திருத்த வேண்டும், அதுவும் படைவீரர் உயிரோடு இருக்கும்போதே.

## பிழை எந்தத் தாளில் இருக்கிறது?

வழியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் இதைக் கண்டுபிடியுங்கள். பாதிப் பேர் இதைச் செய்யாமலே அபிடவிட் எழுதப் போய்விடுகிறார்கள்.

ஓய்வூதியம் வங்கிகளிலிருந்து ஸ்பர்ஷ் என்ற பாதுகாப்புத் துறை இணையத் தளத்துக்கு மாறியபோது பழைய பி.பி.ஓ-க்களின் (ஓய்வூதிய ஆணைகளின்) விவரங்கள் கணினியில் ஏற்றப்பட்டன. அதில் எழுத்து விட்டுப்போனதும் உண்டு, மனைவியின் பிறந்த தேதி காலியாக நின்றதும் உண்டு. பணி விடுவிப்பின்போது கொடுத்த டிஸ்சார்ஜ் புக்கும் அசல் பி.பி.ஓ-வும் சரியாக இருந்து ஸ்பர்ஷ் திரையில் மட்டும் தப்பு என்றால், அது வெறும் தரவுப் பிழை. அசல் பி.பி.ஓ-வை ஸ்கேன் செய்து இணைத்து, ஸ்பர்ஷில் விவரத் திருத்தமோ புகாரோ பதிந்தால் போதும். அபிடவிட், கெஜட், வக்கீல் எதுவும் வேண்டாம்.

அசல் பி.பி.ஓ-விலேயே தப்பு என்றால், பிழை ஷீட் ரோலில் (ரெக்கார்ட் ஆபீஸில் உள்ள உங்கள் பணிப் பதிவேட்டில்) தொடங்கியதா என்று பார்க்க வேண்டும். உங்கள் ரெக்கார்ட் ஆபீஸின் பொதுத் தகவல் அலுவலருக்கு, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் போஸ்டல் ஆர்டருடன் ஒரு மனு போடுங்கள். ஷீட் ரோலில் பெயர், பிறந்த தேதி, குடும்ப விவரம் உள்ள பக்கங்களின் நகலையும், திருமணம், குழந்தை பிறப்பு தொடர்பான பார்ட் டூ ஆர்டர் (படைவீரரின் விவர மாற்றங்களைப் பதியும் உத்தரவு) நகல்களையும் கேளுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். கல்யாணத்துக்கான பார்ட் டூவில் மனைவி பெயர் சரியாக இருந்து பி.பி.ஓ-வில் மட்டும் மாறியிருந்தால், உங்கள் வேலை முக்கால்வாசி முடிந்தது. அந்த நகலே சாட்சி.

ஓய்வூதியத்துக்குத் தகுதி பெறாமல் பணியை விட்டு வந்தவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அவர்களுடைய கோப்புகளை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடலாம் என்பது ராணுவ விதி. அதன்பின் லாங் ரோல் பதிவேட்டில் உள்ள ஓரிரு வரிதான் மிஞ்சும். தள்ளிப்போடாமல் கேட்டுவிடுங்கள்.

## எதை வைத்து முடிவெடுப்பது

முரண் யாருடைய விவரத்தில் என்பது முதல் அளவுகோல். எழுத்துப் பிழையா, முழுப் பெயரே வேறா, பிறந்த தேதியா என்பது அடுத்தது. கையில் உள்ள சான்று எவ்வளவு பழையது என்பது மூன்றாவது: போன வருடம் வாங்கிய சான்றைவிட 1978-இல் கொடுத்த பள்ளி மாற்றுச் சான்று பல மடங்கு எடை உள்ளது. நான்காவது, செய்த மாற்றத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பது. ஐந்தாவதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: சம்பந்தப்பட்டவரின் வயது. 55 வயதுக்காரர் எட்டு மாதம் காத்திருக்கலாம். 79 வயதானவர் அப்படிக் காத்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல.

## வழி 1: ஆதாரையும் பானையும் மாற்றுவது

உள்ளூரிலேயே முடியும், வேகமும் இதில்தான் அதிகம். ஆதார் மையத்தில் விவரத் திருத்தக் கட்டணம் 75 ரூபாய். பான் திருத்தம், தபாலில் அட்டையோடு சேர்த்து, சுமார் 107 ரூபாய். ஓய்வூதியர் அட்டை, பி.பி.ஓ போன்றவற்றில் எது ஏற்கப்படும் என்று மையத்தில் அன்றைய ஆவணப் பட்டியலைப் பார்த்துக்கொண்டு எடுத்துப் போங்கள். முதலில் ஆதார், அது வந்த பிறகு பான். மாற்றிச் செய்தால் பான் விண்ணப்பம் ஆதாரோடு ஒத்துப்போகாமல் திரும்பிவிடும்.

மறைந்திருக்கும் செலவு இரண்டு. ஆதாரில் பெயரை ஆயுளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதற்கு மேல் ஆதாரை வழங்கும் யு.ஐ.டி.ஏ.ஐ-யின் மண்டல அலுவலகத்தின் அனுமதி வேண்டும். தமிழ்நாட்டுக்கு அது பெங்களூரு. ஏற்கெனவே மருமகள் பேச்சைக் கேட்டு ஒருமுறை இனிஷியலை விரித்து எழுதியிருந்தால், மிச்சம் ஒரே வாய்ப்பு. மையத்தில் தட்டச்சு செய்பவர் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டாமல் கைரேகை வைக்காதீர்கள். ஆங்கில எழுத்து, இடைவெளி, இனிஷியல் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்று டிஸ்சார்ஜ் புக்கை அருகில் வைத்து ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள்.

இரண்டாவது செலவு, ஊரில் உள்ள சொத்து. பட்டாவும் கிரயப் பத்திரமும் பழைய ஆதார்ப் பெயரில் இருந்தால், நாளை பத்திரப் பதிவு அலுவலகத்தில் அதே கேள்வி எழும். இனிஷியல் வித்தியாசம் என்றால் சமாளிக்கலாம். முழுப் பெயரே வேறு என்றால் சொத்துக்கு ஒரு பெயர், ஓய்வூதியத்துக்கு ஒரு பெயர் என்று ஆகிவிடும்.

பொருந்தும் இடம்: படைவீரரின் சொந்தப் பெயரில் எழுத்துப் பிழை அல்லது இனிஷியல் சிக்கல், சொந்தப் பிறந்த தேதி முரண். பிறந்த தேதியைப் பொறுத்தவரை வேறு வழியை யோசிக்கவே வேண்டாம். பணியில் சேர்ந்தபோது பதிந்த தேதியை வைத்துத்தான் ஓய்வு பெற்ற நாள் முதல் எல்லாம் கணக்கிடப்பட்டன. ஓய்வுக்குப் பிறகு அதை மாற்றச் சொன்னால் ரெக்கார்ட் ஆபீஸ் இசையாது. பணியின் கடைசியில் வந்து பிறந்த தேதியை மாற்றக் கேட்பவருக்கு நீதிமன்றம் உதவாது என்று 1993-இல் ஹர்ணாம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அது சிவில் ஊழியர் வழக்குதான். ஆனால் அந்த நிலைப்பாடு படைவீரர் வழக்குகளிலும் தொடர்கிறது. ஆதார் பிறந்த தேதிக்கு அத்தாட்சி அல்ல என்றும் 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால், "ஆதாரில் இப்படி இருக்கிறதே" என்ற வாதம் ராணுவ ஆவணத்தின் முன் நிற்காது.

## வழி 2: ரெக்கார்ட் ஆபீஸ் மூலம் பார்ட் டூ ஆர்டர்

மனைவி, பிள்ளைகள் விவரத்துக்கு இதுதான் வழி. இதை விட்டுவைத்தால் நஷ்டம் ஓய்வூதியருக்கு அல்ல, அவருக்குப் பின் வருபவருக்கு. கணவர் இருக்கும்போது அவர் கையெழுத்துப் போட்டு "இவர்தான் என் மனைவி" என்றால் அதற்கு மேல் சாட்சி குறைவாகவே தேவைப்படும். அவர் போன பிறகு அதே விஷயத்துக்குத் தாசில்தாரின் வாரிசுச் சான்று, சாட்சிகளின் உறுதிமொழி, விசாரணை என்று போகும். அதுவரை குடும்ப ஓய்வூதியம் நிற்கும்.

பணம் எவ்வளவு என்றும் பாருங்கள். 80 வயது ஆனால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50, நூறு வயதில் 100 சதவீதம். குடும்ப ஓய்வூதியம் வாங்கும் மனைவிக்கும் இது உண்டு. ஆனால் பழைய பி.பி.ஓ-க்கள் பலவற்றில் மனைவியின் பிறந்த தேதியே இருக்காது. தேதி இல்லாமல் கூடுதல் தொகை தானாக வராது. 7-வது ஊதியக் குழுவின் குறைந்தபட்சத் தொகையான 9,000 ரூபாயை வைத்துப் பார்த்தாலும் மாதம் 1,800 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி.

விண்ணப்பம் போகும் முகவரி படைப்பிரிவைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமென்ட்டுக்கு வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸுக்குப் பெங்களூரு, இ.எம்.இ எனும் மின், இயந்திரப் பொறியியல் பிரிவுக்குச் செகந்திராபாத், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு கேம்ப், சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், டி.எஸ்.சி எனும் பாதுகாப்புப் பணிப் படைக்குக் கண்ணூர். விமானப் படைக்குப் புது தில்லி சுப்ரதோ பார்க்கில் உள்ள ஆவண அலுவலகம். கடற்படை மாலுமிகளுக்கு மும்பை. ராணுவத்திலிருந்து வந்து டி.எஸ்.சி-யிலும் பணி செய்து இரண்டு ஓய்வூதியம் வாங்குபவர்கள் இரண்டு ரெக்கார்ட் ஆபீஸுக்கும் தனித்தனியாக எழுத வேண்டும். ஒன்றில் திருத்தினால் மற்றதில் தானாக மாறாது.

கவரில் இருக்க வேண்டியவை:

- 'ஆபீசர் இன் சார்ஜ், ரெக்கார்ட்ஸ்' என்று விலாசமிட்ட கடிதம். அதில் படை எண் (கடைசியில் வரும் ஆங்கில எழுத்தோடு), ரேங்க், ஆவணத்தில் உள்ளபடி பெயர், டிஸ்சார்ஜ் தேதி, பி.பி.ஓ எண். எது தப்பு, எது சரி என்று இரண்டே வரி.
- முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் முன் எடுத்த அபிடவிட். நோட்டரி போதும் என்று சொல்லும் ரெக்கார்ட் ஆபீஸும் உண்டு, திருப்பி அனுப்புவதும் உண்டு.
- மனைவியின் ஆதார், பான், பள்ளிச் சான்று நகல். தம்பதியின் கூட்டுப் புகைப்படம்.
- டிஸ்சார்ஜ் புக்கின் குடும்ப விவரப் பக்கம், பி.பி.ஓ நகல்.
- தமிழில் உள்ள சான்றுகளுக்குச் சான்றளித்த ஆங்கில மொழிபெயர்ப்பு. இது இல்லாமல் போன கவர் அப்படியே திரும்பி வரும்.

கடிதத்தில் கையெழுத்து, ஆவணத்தில் உள்ள பழைய கையெழுத்தாகவே இருக்கட்டும். புதிய பெயரில் போட்டால், அனுப்பியவர் யார் என்றே கேள்வி வரும்.

கேஸ் திரும்பி வருவதற்கு அதிகம் காரணமாவது அபிடவிட்டின் வாசகம். எழுத்துப் பிழையைத் திருத்தப் போய், வக்கீல் குமாஸ்தா தன்னிடம் இருக்கும் படிவத்தில் "பெயரை மாற்றிக்கொண்டேன்" என்று அடித்துக் கொடுத்துவிடுவார். பெயர் மாற்றம் என்று படித்த உடனே அங்கே கெஜட் கேட்பார்கள். வாசகம் இந்தப் பொருளில் இருக்க வேண்டும்: "என் படைப்பணி ஆவணத்தில் லஷ்மி என்றும் ஆதாரிலும் பள்ளிச் சான்றிலும் லட்சுமி என்றும் எழுதப்பட்டிருப்பவர் ஒருவரே, அவர் என் ஒரே மனைவி, ஆவணத்தில் உள்ளது எழுத்துப் பிழை, அவர் எக்காலத்திலும் பெயர் மாற்றிக்கொண்டதில்லை." கணவன், மனைவி இருவரும் கையெழுத்திட்டால் நல்லது.

வீட்டில் பாப்பாத்தி, பள்ளியில் பார்வதி என்று பெயர் முழுசாகவே வேறானால் விஷயம் கனமாகிவிடும். இரண்டாம் கல்யாணமோ என்ற சந்தேகம் எழுவது இயல்பு. அப்போது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிலும் பள்ளிச் சான்றிலும் உள்ள தாய் பெயர், பழைய ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் சேர்த்து அனுப்புங்கள். மனைவியின் பிறந்த தேதியைத் திருத்தும்போது ஒரு கணக்கையும் போட்டுப் பாருங்கள்: புதிய தேதிப்படி கல்யாணத்தின்போதும் மூத்த பிள்ளை பிறந்தபோதும் அவருக்கு என்ன வயது? பதிமூன்று, பதினான்கு என்று வந்தால் அங்கே உட்கார்ந்திருப்பவரும் அதே கணக்கைப் போடுவார்.

பார்ட் டூ வெளியானதும் வேலை முடிந்துவிடாது. ராணுவத்தினருக்கு அது பிரயாக்ராஜில் உள்ள, பாதுகாப்புக் கணக்குத் துறையின் பி.சி.டி.ஏ ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போய் கோரிஜெண்டம் (திருத்த) பி.பி.ஓ ஆக வேண்டும். பார்ட் டூ நகலை மட்டும் வாங்கி பீரோவில் பூட்டியவர்கள் நிறையப் பேர்.

இந்த வழியின் மறைமுகச் செலவு காலம்தான். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் முகப்புக் கடிதத்தோடு அனுப்பினால் கேஸ் எங்கே நிற்கிறது என்று கேட்க ஓர் இடம் கிடைக்கும். நேரடியாக அனுப்புவதானால் ஸ்பீட் போஸ்ட் ரசீதையும் முழுக் கட்டின் நகலையும் வைத்துக்கொள்ளுங்கள்.

## வழி 3: கெஜட்

பெயரை உண்மையிலேயே மாற்றிக்கொண்டவர்களுக்கு மட்டும்: மதம் மாறியவர்கள், எண் கணிதம் பார்த்து நடுவில் இன்னொரு 'ஏ' சேர்த்தவர்கள். கெஜட் வெளியான பிறகு இன்ன பெயரால் அறியப்படுவார் என்றுதான் அது சொல்லும். 1985-இல் கிளார்க் தப்பாக எழுதினார் என்று சொல்லாது. பிறந்த தேதியை அது தொடவே தொடாது.

தமிழ்நாடு அரசிதழை எழுதுபொருள் அச்சுத் துறை வெளியிடுகிறது. கட்டணம் சில நூறு ரூபாய்க்குள் அடங்கும். இடைத்தரகர் அதைப் பல ஆயிரம் ஆக்குவார். மாநில அரசிதழ் போதுமா, மத்திய அரசிதழும் செய்தித்தாள் விளம்பரமும் வேண்டுமா என்று ரெக்கார்ட் ஆபீஸிடம் எழுத்தில் பதில் வாங்காமல் பணம் கட்டாதீர்கள். மாநில அரசிதழில் போட்டுவிட்டு, பிறகு மத்திய அரசிதழுக்கு மறுபடி செலவு செய்பவர்கள் இருக்கிறார்கள்.

## வழி 4: அபிடவிட்டோடு விட்டுவிடுவது

இதுவும் நியாயமான தேர்வுதான். சொந்தப் பெயரில் இனிஷியல் மட்டும் வித்தியாசம், ஓய்வூதியம் தடையின்றி வருகிறது, மனைவி விவரம் முழுவதும் சரி என்றால், இரண்டு பெயரும் ஒருவருடையதே என்ற அபிடவிட்டோடு நிறுத்துங்கள், எதையும் கிளற வேண்டாம். டிஜிட்டல் லைஃப் சர்டிபிகேட் பெயர் ஒத்துப்போகாமல் நிராகரிக்கப்பட்டாலும், கையால் எழுதிய லைஃப் சர்டிபிகேட்டை அத்தாட்சியோடு ஸ்பர்ஷில் ஏற்றும் வழி இருக்கிறது.

ஓய்வூதியம் பெறுவதற்காக மட்டும் எடுக்கும் அபிடவிட்டுக்கு முத்திரைத் தீர்வையே கிடையாது என்று இந்திய முத்திரைச் சட்டத்தின் முதல் அட்டவணையில் விலக்கு இருக்கிறது. ஆனால் கவுன்டரில் இருப்பவர் முத்திரைத்தாளைப் பார்த்தால்தான் நம்புகிறார் என்பதால், பலரும் தமிழ்நாட்டில் இப்போதுள்ள 200 ரூபாய்த் தாளிலேயே எடுத்துவிடுகிறார்கள்.

மனைவி விவரத்தில் முரண் இருந்தால் மட்டும் இந்த வழி வேண்டாம். அது பிரச்சினையைத் தீர்ப்பதில்லை, அவர் தலையில் தள்ளிவிடுகிறது.

## வழி 5: ஆயுதப் படைத் தீர்ப்பாயம்

ரெக்கார்ட் ஆபீஸ் எழுத்தில் மறுத்தாலோ, ஆறு மாதமாக வாயே திறக்காவிட்டாலோ மட்டும். சென்னையில் மண்டல அமர்வு உள்ளது. மறுப்புக் கடிதம் வந்த ஆறு மாதத்துக்குள் மனு போட வேண்டும். பதிலே வரவில்லை என்றால், மனு கொடுத்து ஆறு மாதம் கழிந்ததிலிருந்து இன்னோர் ஆறு மாதம். பிந்தினால் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு. ஜெயித்தாலும் நிலுவை முழுவதும் கைக்கு வராது: ஓய்வூதிய வழக்குகளில் மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவைதான் பொதுவாகக் கிடைக்கும் என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. வக்கீல் கட்டணத்தை அதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள். சொந்தப் பிறந்த தேதிக்காக இங்கே போவது காசைக் கரைப்பது.

## யாருக்கு எது

| நிலைமை | முதல் தேர்வு | தவிர்க்க வேண்டியது |
|---|---|---|
| ஸ்பர்ஷில் மட்டும் பிழை | அசல் பி.பி.ஓ-வுடன் ஸ்பர்ஷ் திருத்தம் | அபிடவிட், கெஜட் |
| சொந்தப் பெயரில் எழுத்து, இனிஷியல் | ஆதார், பான் | கெஜட் |
| சொந்தப் பெயர் முழுதும் வேறு, சொத்து ஆதார்ப் பெயரில் | பார்ட் டூ. பெயர் மாற்றம்தான் என்றால் கெஜட்டோடு | ஆதாரை அவசரமாக மாற்றுவது |
| சொந்தப் பிறந்த தேதி | ஆதார், பான் | தீர்ப்பாயம் |
| மனைவி பெயர், பிறந்த தேதி | பார்ட் டூ, உடனே | அபிடவிட்டோடு விடுவது |
| கணவர் இறந்துவிட்டார், மனைவி பெயர் முரண் | வாரிசுச் சான்றோடு ரெக்கார்ட் ஆபீஸ், நல அலுவலகம் வழியாக | மனைவியின் ஆதாரை மாற்றுவது |

கடைசி வரிசைக்கு ஒரு விளக்கம். கணவர் இறந்த பிறகு, மனைவியின் ஆதாரைப் பி.பி.ஓ-வுக்கு ஏற்ப மாற்றிவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். இறப்புத் தேதிக்குப் பின்னால் மாற்றிய ஆதார் சந்தேகத்தைத்தான் கிளப்பும். ஓர் எழுத்து வித்தியாசத்துக்கு மட்டும் அது சரிப்படலாம்.

## திருத்தம் வந்த பிறகு

கோரிஜெண்டம் பி.பி.ஓ வந்தவுடன் அதையே ஒருமுறை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். பழைய பிழையைத் திருத்தும்போது புதுப் பிழை விழுவது அபூர்வம் அல்ல. பிறகு ஸ்பர்ஷில் விவரம் மாறிவிட்டதா என்று பாருங்கள். அதன்பின் வங்கிக் கணக்கு, இ.சி.எச்.எஸ் மருத்துவத் திட்டக் கார்டு, மாவட்ட நல அலுவலகத்தின் அடையாள அட்டை, கேன்டீன் கார்டு என்ற வரிசை. இ.சி.எச்.எஸ்-ஐ முன்னால் வைக்காதீர்கள், ஆதாரமான பி.பி.ஓ மாறாமல் அங்கே போனால் அந்த விண்ணப்பமும் நிற்கும். எல்லா நகல்களிலும் ஒரு செட்டை, பார்ட் டூ எண்ணையும் தேதியையும் மேலே எழுதி, மனைவிக்குத் தெரிந்த இடத்தில் வையுங்கள். ஸ்பர்ஷ் கடவுச்சொல்லையும் ஓ.டி.பி வரும் செல்போன் எண்ணையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.